கூடக் கொடுக்கிற 400 டாலருக்குக் கப்பலில் என்ன கிடைக்கும்?

கேள்வி: 2 மார்ச் 2024

சியாட்டிலில் இருக்கிறேன். ஜூலையில் ஊரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். முடிந்ததும் இருவரையும் இங்கே அழைத்து வந்து, ஆகஸ்ட் கடைசியில் அலாஸ்காவுக்கு 7 இரவுக் கப்பலில் கூட்டிப்போக யோசனை. சாதாரணக் கம்பெனிக்கும் 'பிரீமியம்' என்று போட்டுக்கொள்கிற கம்பெனிக்கும் ஆளுக்கு 400 டாலர் வித்தியாசம் வருகிறது. அதே கடல், அதே பனிப்பாறை. பிரீமியம் என்பது வெறும் பெயர் என்கிறான் தம்பி. பார்க்கப்போனால் அதில்தான் எல்லாம் குறைவு: தண்ணீர்ச் சறுக்கு இல்லை, கோ-கார்ட் என்கிற குட்டிப் பந்தயக் கார் இல்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: 3 மார்ச் 2024, காலை

தம்பி சொல்வது பாதி சரி. பிரீமியம் என்பது யாரும் சோதித்துக் கொடுத்த பட்டம் இல்லை. கப்பல் வியாபாரத்தில் மூன்று தட்டு வைத்துப் பேசுவார்கள். கீழ்த்தட்டில் கார்னிவல், ராயல் கரீபியன், நார்வீஜியன், எம்எஸ்சி. மேல்தட்டில் சீபோர்ன், சில்வர்சீ, ரீஜென்ட். நடுவில் ஹாலண்ட் அமெரிக்கா, பிரின்சஸ், செலிபிரிட்டி. இந்த நடுத்தட்டுக்குத்தான் பிரீமியம் என்று பெயர். இதில் முதல் இரண்டும் கார்னிவல் குழுமத்துக்குச் சொந்தம், செலிபிரிட்டி ராயல் கரீபியன் குழுமத்துக்கு. நம் ஊரில் ஒரே ஓட்டல்காரர் கீழே சாப்பாட்டுக் கடையும் மாடியில் ஏசி ஹாலும் வைத்திருப்பாரே, அந்த மாதிரி. அதே சாம்பார்தான் மாடிக்கும் போகும். ஆனால் மாடியில் யாரும் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, எப்போது எழுந்திருப்பீர்கள் என்று இலையைப் பார்க்க மாட்டார்கள்.

அந்த 400 டாலர் பெரும்பாலும் இதற்குத்தான்.

நாங்கள் போனது செப்டம்பர் 2023. நான், மனைவி, மகள், மாப்பிள்ளை. சியாட்டிலில் ஏறி ஜூனோ, கிளேசியர் பே, சிட்கா, கெட்சிகன், விக்டோரியா, மறுபடி சியாட்டில். கப்பல் பெயர் வேண்டாம், போகப் போகத் திட்டவும் வேண்டியிருக்கும். ஏறக்குறைய 2,000 பேர் பயணம் செய்தோம். இந்த ஜனவரியில் ஓடத் தொடங்கியிருக்கும் ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் அறைக்கு இரண்டு பேர் என்று வைத்தாலே 5,610 பேர், நிரம்பினால் 7,600. அது ஒரு தாலுகா தலைநகரம். எங்களுடையது பெரிய கிராமம். ஆனால் இதையும் அப்படியே நம்ப வேண்டாம். பிரின்சஸின் புதிய சன் பிரின்சஸ் 4,300 பேருக்கானது, அதுவும் பிரீமியம்தான். ஆகவே கம்பெனி பெயரைப் பார்ப்பதை விட அந்தக் குறிப்பிட்ட கப்பலில் எத்தனை பேர் என்று பாருங்கள்.

முதல் நாள் நான் ஏமாந்துதான் போனேன். பிரீமியம் என்றதும் தங்கக் குழாயும் பளிங்குத் தரையும் இருக்கும் என்று மனதில் ஒரு கல்யாண மண்டபத்தைக் கட்டி வைத்திருந்தேன். பார்த்தால் பழுப்பு நிறக் கம்பளம், கொஞ்சம் பழைய குளியலறை, பக்கத்து அறையில் எண்பது வயதுத் தம்பதி. மூன்றாம் நாள்தான் புரிந்தது: இரண்டு நாளாக நான் எந்த வரிசையிலும் நிற்கவில்லை. ஒலிபெருக்கியில் கேப்டன் ஒரே ஒரு தடவை, மத்தியானம் பேசினார். பிங்கோ வா, நகை வாங்க வா என்று யாரும் கூப்பிடவில்லை.

சொல்ல மறந்தேன்: அலாஸ்காக் கடல் குளம் மாதிரி இருக்கும், அப்பா அம்மாவுக்குத் தலைசுற்றல் பயம் வேண்டாம்.

3 மார்ச் 2024, இரவு

முக்கியமானதை விட்டுவிட்டேன். விசா.

சியாட்டிலில் ஏறி சியாட்டிலில் இறங்கும் கப்பல்தானே, அமெரிக்க விசா போதும் என்று நினைத்து வந்த ஒரு வயதான தம்பதியை எங்கள் கண் முன்னாலேயே கவுண்டரில் நிறுத்திவிட்டார்கள். பெட்டிகளுக்குச் சீட்டுக் கட்டியாயிற்று. மகன் போனில் கத்திக்கொண்டிருக்கிறார். அம்மா மட்டும் பேசாமல் கைப்பையிலிருந்து முறுக்கு எடுத்துப் பேரனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

காரணம் விக்டோரியா. அது கனடா. கடைசி இரவில் சில மணி நேரம்தான் நிற்கும், பாதிப் பேர் இறங்கக்கூட மாட்டார்கள். ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டில் வருகிற அப்பா அம்மாவுக்குக் கனடா விசா வேண்டும். நீங்கள் இறங்காமல் அறையிலேயே தூங்கினாலும் வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் வேறு விதி.

பின்னே எதற்கு அந்த ஊருக்குப் போய்த் தொலைக்கிறார்கள் என்றால், 1886-இல் போட்ட ஒரு அமெரிக்கச் சட்டம். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறைமுகங்களுக்குள் மட்டும் ஆட்களை ஏற்றி இறக்க முடியாது, நடுவில் வெளிநாட்டு மண்ணைத் தொட வேண்டும். இந்தக் கப்பல்கள் எல்லாம் பஹாமாஸ், பெர்முடா, நெதர்லாந்து என்று எங்கெங்கோ பதிவானவை. 2021-இல் கொரோனாவுக்காகக் கனடா துறைமுகத்தை மூடியபோது, அலாஸ்காவுக்காக அமெரிக்கக் காங்கிரஸ் தனியாக ஒரு தற்காலிகச் சட்டமே போட வேண்டியிருந்தது.

கனடா விசாவுக்கு இன்றைக்கே விண்ணப்பம் போடுங்கள். சறுக்கு, கோ-கார்ட் எல்லாம் அப்புறம்.

5 மார்ச் 2024

தனிச்செய்தியில் "எல்லாம் அடக்கம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அறை, சாப்பாடு, நாடகம், பாட்டு, சாதாரணக் காபி, டீ அடக்கம். மீட்டர் ஓடுகிற இடங்கள்: மது, பாட்டில் குளிர்பானம், வைஃபை, தனிக் கட்டண உணவகம், துணி துவைப்பது, கரையில் சுற்றிப் பார்ப்பது. கரைதான் பர்ஸைக் கிழிக்கும். ஜூனோவில் திமிங்கிலம் பார்க்கப் படகில் போனதற்கு ஆளுக்கு 180 டாலர் கொடுத்தோம். அது மட்டும் கொடுத்த காசுக்கு மேல். கூனல் திமிங்கிலங்கள் குளிர்காலத்தை ஹவாய்ப் பக்கம் கழித்துவிட்டு, தின்பதற்காகவே கோடையில் இங்கே வருகின்றன. நம்மை மாதிரி.

கட்டணத்துக்கு மேல் 'டிப்ஸ்' என்று எங்களுக்கு நாளுக்கு ஆளுக்கு 17 டாலர் தானாகவே கணக்கில் ஏறியது. நான்கு பேர், ஏழு நாள், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இது சட்டப்படி கட்டாயம் இல்லை. வரவேற்பு மேசையில் போய்ச் சொன்னால் நீக்கிவிடுவார்கள், கேள்வியே கேட்க மாட்டார்கள். தகவலுக்காகச் சொல்கிறேன்.

6 மார்ச் 2024

சாப்பாடு. அப்பா அம்மா சைவம் என்றால் முன்பதிவு செய்யும்போதே இந்திய சைவம் என்று எழுதுங்கள். அதோடு விட்டால் நடக்காது. முதல் இரவு மேசையில் தலைமைப் பரிமாறுபவரைக் கூப்பிட்டு நேரில் சொல்லுங்கள். அவர் மறுநாள் பட்டியலை முந்தின இரவே கொண்டுவந்து காட்டுவார். அதில் இல்லாததையும் கேட்கலாம். பிரீமியம் என்பது இந்த இடத்தில் உண்மையாகவே வேலை செய்கிறது.

சமையலறையில் நம் நாட்டு ஆட்கள் உண்டு, கோவா, மும்பை. பருப்பு, சன்னா, பன்னீர், நான் எல்லாம் நன்றாகவே வந்தது. தெற்கே வந்தால்தான் தடுமாற்றம். மனைவி நான்காம் நாள் தயிர் சாதம் கேட்டாள். பரிமாறுகிற பையன் பிலிப்பைன்ஸ்காரன், பயபக்தியோடு எழுதிக்கொண்டு போனான். வெள்ளி மூடி போட்டு வந்தது. திறந்தால் பாஸ்மதி சாதத்தின் மேல் சவர் கிரீம், அதன் மேல் ஒரு ஸ்ட்ராபெரி.

6 மார்ச் 2024, இருபது நிமிடம் கழித்து

மனைவி மேலே உள்ளதைப் படித்தாள். திருத்தங்கள்: அது சவர் கிரீம் இல்லை, வெனிலா போட்ட இனிப்புத் தயிர். ஸ்ட்ராபெரி இல்லை, மாதுளை முத்து. மாதுளை போட்டது தப்பே இல்லை, நம் வீட்டிலேயே போடுவோம், உங்களுக்குத்தான் பிடிக்காது என்கிறாள். மறுநாள் இனிப்பில்லாத தயிரும் உப்பும் தனியாகக் கேட்டு வாங்கித் தானே பிசைந்துகொண்டாள். ஊறுகாய்ப் பாக்கெட் கைவசம் இருந்தது. கடையில் வாங்கிப் பிரிக்காத பாக்கெட்டுக்கு எங்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

11 மார்ச் 2024

ஒருவர் ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறார். ஐயா, சூடாகிற எதையும் கொண்டுபோக முடியாது. குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எதுவும் கூடாது. கடலில் தீ என்பது அவர்களுக்கு மூழ்குவதை விடப் பெரிய பயம்.

எங்கள் கெட்டில் பிடிபட்டது. மூன்று பெட்டி அறைக்கு வந்துவிட்டன, நான்காவது வரவில்லை. கீழ்த்தளத்தில் ஒரு அறைக்கு வரச் சொன்னார்கள். அங்கே ஒரு நீள மேசை. இஸ்திரிப் பெட்டிகள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கள், வாசனை மெழுகுவத்திகள், மூன்று ரைஸ் குக்கர்கள், ஒன்றில் ஏற்கனவே பாதிப்படி அரிசி. ஒவ்வொன்றிலும் அறை எண் எழுதிய சீட்டு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிடுங்கி வைத்த பம்பரங்கள் மாதிரி இருந்தது. கடைசி நாள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் ஃபில்டருக்குத் தடை இல்லை. எவர்சில்வர் ஃபில்டர், கும்பகோணம் பொடி. பிரச்சினை வெந்நீர். பஃபேயில் டீ போடுகிற குழாயில் வருவது வெதுவெதுப்புக்கு அண்ணன், அவ்வளவுதான். அதில் டிகாக்ஷன் இறங்கினால் கழுநீர் நிறம். இரண்டு நாள் பாழ். மூன்றாம் நாள் காபி பாரில் இருந்த பெண்ணிடம் ஃபில்டரையே நீட்டி, உங்கள் எஸ்பிரெஸோ மெஷினில் வருகிற வெந்நீரை இதில் ஊற்றிக் கொடு என்றேன். கொடுத்தாள், பாலையும் நுரை பொங்கச் சூடாக்கித் தந்தாள். அலாஸ்காவில் மழை பெய்துகொண்டிருக்க, டபராவில் ஆற்றிய காபி. அந்தப் பயணத்தில் நான் எடுத்த ஒரே செல்ஃபி அது.

19 மார்ச் 2024

முதல் குறிப்பில் 'குளம் மாதிரி' என்று எழுதினேன் இல்லையா? மாப்பிள்ளை அதைப் படித்துவிட்டு, "மாமா, நான் முதல் நாள் முழுக்கப் படுத்திருந்தது உங்களுக்கு ஞாபகம் இல்லையா?" என்கிறார். ஞாபகம் இல்லை. நான் தூங்கிவிட்டேன்.

ஆக, சரியான விவரம். வான்கூவரில் ஏறினால் வான்கூவர் தீவுக்கும் நிலத்துக்கும் நடுவில் உள்பாதையில் போவார்கள், அது பெரும்பாலும் குளம். சியாட்டிலில் ஏறினால் பெரும்பாலும் ஜுவான் டி ஃபூகா ஜலசந்தி வழியாக வெளியே வந்து, தீவுக்கு மேற்கே திறந்த பசிபிக்கில் ஏறுவார்கள். முதல் இரவும் மறுநாளும் அங்கேதான். கப்பலின் வயிற்றுக்குக் கீழே இரண்டு பக்கமும் மீன் துடுப்பு மாதிரி நிலைப்படுத்திகள் உண்டு. அதனால் பக்கவாட்டு ஆட்டம் குறையும், முன்னும் பின்னும் தூக்கிப் போடுவது குறையாது. எங்களுக்கு ஆடியது. லிஃப்ட் பக்கத்துக் கைப்பிடியில் வரிசையாகக் காகிதப் பைகள் செருகி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தே பாதிப் பேருக்கு வயிறு புரட்டியிருக்கும்.

அப்பா அம்மாவுக்குக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை போடுங்கள். மேல்தளம் விலையும் அதிகம், ஆட்டமும் அதிகம். மாத்திரையை ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பிரயோசனம் இல்லை, முன்னாலேயே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

7 ஏப்ரல் 2024

கிளேசியர் பே பற்றி யாருமே கேட்கவில்லை. எல்லாரும் சாப்பாட்டைப் பற்றியே கேட்கிறீர்கள். சரி, நானே எழுதுகிறேன்.

இது தேசியப் பூங்கா. பெரிய பயணிகள் கப்பல் நாளுக்கு இரண்டுக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள். மலிவு டிக்கெட்டுகளில் பல இங்கே போகாமல் வேறு பனியாற்றைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். அதனால் விலையை ஒப்பிடும்போது 'பனிப்பாறை உண்டு' என்று மட்டும் பார்க்காமல் எந்தப் பனியாறு என்று பாருங்கள். உங்கள் 400 டாலரில் ஒரு பங்கு இங்கேயும் ஒளிந்திருக்கலாம்.

காலையில் ஒரு சின்னப் படகு பக்கத்தில் வந்து ஓடிக்கொண்டே இருக்க, பூங்கா அதிகாரிகள் கயிற்றேணியில் ஏறி வந்தார்கள். 1794-இல் ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது இங்கே விரிகுடாவே கிடையாது, வாயிலேயே பனிச்சுவர். 1916-க்குள் அந்தப் பனி 60 மைல் பின்வாங்கிவிட்டது. நாங்கள் காலை முழுவதும் போன தண்ணீர் எல்லாம் அன்றைக்குப் பனி. அதற்கும் முன்னால் இது ஹூனா டிலிங்கிட் பழங்குடி மக்களின் ஊர். 1700-களில் பனி பெருகி வந்து ஊரையே தள்ளிவிட, அவர்கள் வெளியேறினார்கள். பனி வந்து ஊரைத் தின்றது, பிறகு பனியே கரைந்தது. 2016-இல்தான் அவர்களுக்கு அங்கே மறுபடி ஒரு குலவீடு எழுந்தது.

மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்றது. 34 கிலோமீட்டர் நீளத்துக்கு மலையிலிருந்து இறங்கி வந்து கடலில் முடிகிற பனி. முகப்பு ஒன்றரைக் கிலோமீட்டர் அகலம், தண்ணீருக்கு மேலே ஏறக்குறைய 75 மீட்டர். நிறம் வெள்ளை இல்லை, துணிக்குப் போடுகிற நீலம் கரைத்த மாதிரி. அழுத்தமான பனி ஒளியில் சிவப்பை விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் வெளியே விடுவதால் அப்படி. தளத்தில் சில நூறு பேர் நின்றிருந்தோம், கம்பளி சுற்றிக்கொண்டு, சூப் கோப்பையைக் கையில் பொத்திக்கொண்டு. பேச்சே இல்லை. ஒரு மாடி வீட்டின் அளவுத் துண்டு உடைந்து விழுந்தது. விழுந்து, தண்ணீர் எழும்பி, நான் மனைவியின் கையைப் பிடித்த பிறகுதான் சத்தம் வந்தது. தூரம் அப்படி. டிலிங்கிட் மொழிக்காரர்கள் அதற்கு வெள்ளை இடி என்று பெயர் வைத்திருக்கிறார்களாம்.

அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் ஒருவர் டிஜே நடத்தியிருந்தால் நான் கப்பலில் இருந்து குதித்திருப்பேன்.

8 ஏப்ரல் 2024

பால்கனி வேண்டுமா என்ற கேள்விக்கு: வேண்டாம். கேப்டன் பனியாற்றுக்கு முன்னால் கப்பலை மெதுவாக முழுச் சுற்றுச் சுற்றினார், எல்லாப் பக்கமும் தெரிந்தது. நல்ல இடம் முன்பக்கத் தளம். வெளியே பத்து டிகிரி, காற்று. ஏழு நாளில் பால்கனியில் நான் உட்கார்ந்தது மொத்தம் மூன்று மணி நேரம். அந்தப் பணத்தில் திமிங்கிலம் பார்க்கலாம்.

8 ஏப்ரல் 2024, மாலை

மனைவியின் கருத்து வேறு. காலை ஐந்தரைக்கு நைட்டியோடு, பல் கூடத் தேய்க்காமல், பால்கனியில் நின்று பக்கத்திலேயே ஒரு திமிங்கிலம் மூச்சு விட்டதைப் பார்த்தாளாம். "உங்களை எழுப்பினேன், நீங்கள் எழவில்லை." ஆளுக்கு 180 டாலர் கொடுத்து நான் பார்த்ததை அவள் இலவசமாகப் பார்த்திருக்கிறாள். பால்கனி பற்றி நான் இனி எதுவும் சொல்வதற்கில்லை.

21 ஏப்ரல் 2024

உடை. இந்த நடுத்தட்டுக் கப்பல்களில் இரண்டு இரவு 'நன்றாக உடுத்தி வாருங்கள்' என்பார்கள். கோட்டு வாடகைக்கு எடுக்கலாமா என்று யோசிக்காதீர்கள். அவரவர் நாட்டு உடைக்குத் தடையில்லை. நான் பட்டுக்கரை வேட்டி, வெள்ளைச் சட்டை. மனைவி காஞ்சிபுரம். புகைப்படக்காரர் எங்களை விடவில்லை. பக்கத்து அறைத் தாத்தா, ஏழு பிரீமியம் கப்பல் பார்த்தவர், வேட்டியை ஐந்து நிமிடம் ஆராய்ந்துவிட்டு, பெல்ட் எங்கே என்றார். பெல்ட் இல்லை, ஒட்டுப்பட்டை என்று காட்டினேன். கர்ர் என்று பிரித்து ஒட்டிய சத்தத்துக்கு மேசையே திரும்பியது.

ஒரு எச்சரிக்கை: அந்த உடையோடு வெளித்தளத்துக்குப் போகாதீர்கள். பசிபிக் காற்றுக்கு ஒட்டுப்பட்டை எல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

2 ஜூன் 2024

மார்ச் 5 குறிப்பில் டிப்ஸை நீக்கலாம் என்று எழுதினேன். 'தகவலுக்காக' என்றும் போட்டேன். நேற்று ஒருவர் அதைப் படித்துவிட்டு நன்றி சொல்லியிருக்கிறார், 476 டாலர் மிச்சமாம். அந்த நன்றி உறுத்துகிறது. அதனால் மீதிக் கதை.

ஐந்தாம் இரவு நான் போய் நின்றேன். ஏழு நாளில் நான் நின்ற ஒரே வரிசை அதுதான். பேங்கில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவன், கட்டாயமில்லாத கட்டணத்தைக் கண்டால் கை அரிக்கும். அவர்கள் சம்பளத்தை முதலாளி கொடுக்கட்டும், நான் ஏன் கொடுக்க வேண்டும் என்பது வாதம். கவுண்டரில் இருந்த பெண் "நிச்சயமாக" என்றாள், ஒரு தாளில் கையெழுத்து, முடிந்தது.

அறைக்கு வந்தேன். காலையில் அவசரத்தில் ஃபில்டரைக் கழுவாமல் கை கழுவும் தொட்டியில் போட்டுவிட்டுப் போயிருந்தேன், உள்ளே ஈரச் சக்கை. அது இப்போது மேசை மேல், மடித்த நாப்கின் மீது இருந்தது. கழுவித் துடைத்து, கீழ்ப்பாத்திரம், மேல்பாத்திரம், அதற்குள் குடை, மேலே மூடி. வரிசை சரியாக இருந்தது. எங்கள் அறையைப் பார்த்துக்கொண்டவர் இந்தோனேசியாக்காரர். நம் ஃபில்டரை வாழ்க்கையில் பார்த்திருக்க மாட்டார். மேல்பாத்திரத்தின் ஓட்டைகளில் ஒரு துளி பொடி இல்லை. அதை எப்படி எடுத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, வீட்டில் நான் ஊசியால் குத்தித்தான் எடுப்பேன்.

கப்பல் ஊழியர்களுக்கு 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு. குறைந்தது என்றால் என்ன அர்த்தம் என்று பேங்கில் வேலை பார்த்தவனுக்குத் தெரியும். ஒப்பந்தம் முடிகிறவரை மாதக்கணக்கில், வாரம் ஏழு நாளும் வேலை. நான் பிரீமியம், பிரீமியம் என்று மேலே எழுதிய அமைதி எல்லாம் இவர்கள் சத்தமில்லாமல் நடக்கிற நடைதான்.

திரும்பப் போய் நின்றேன். அதே பெண், அதே "நிச்சயமாக".

சம்பளத்தை முதலாளிதான் கொடுக்க வேண்டும் என்பதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தச் சண்டையை அந்த இந்தோனேசியாக்காரர் பையிலிருந்து எடுத்த காசில் போட முடியாது.

3 ஜூன் 2024

"அப்போ கைடுக்கும் டிப்ஸ் உண்டா?" என்று ஒருவர். உண்டு. அமெரிக்கா.

14 ஜூலை 2024

சுத்தம் பற்றிய கேள்விக்கு. அமெரிக்காவில் நிற்கும் கப்பல்களை அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையம் முன்னறிவிப்பில்லாமல் வந்து சோதித்து, 100-க்கு மதிப்பெண் போடும். 86 எடுத்தால் தேர்ச்சி. இணையத்தில் கப்பல் வாரியாகப் பார்க்கலாம். பிரீமியம் கப்பல் 90-க்குக் கீழும் வாங்கும், மலிவுக் கப்பல் 100-ம் வாங்கும், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பஃபே வாசலில் கையில் பீய்ச்சுகிற திரவத்தை மட்டும் நம்பாதீர்கள். கப்பலில் வயிற்றைப் பிடுங்குகிற நோரோ வைரஸை ஆல்கஹால் அவ்வளவாகக் கொல்லாது, சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் வழி.

இன்னொன்று. இந்த ஆண்டிலிருந்து ஜூனோவில் நாளுக்கு ஐந்து பெரிய கப்பல்தான். சாலை வழியாக வெளியூர் போகவே முடியாத அலாஸ்காத் தலைநகரம் அது, படகு அல்லது விமானம். அந்த ஊருக்குள் ஒரே நாளில் அவ்வளவு பேர் இறங்கினால், நடுத்தட்டு, கீழ்த்தட்டு எல்லாம் ஒரே நடைபாதையில்தான். மாடி ஏசி ஹால் கப்பலோடு சரி.

9 செப்டம்பர் 2024

கேள்வி கேட்டவர் போய்விட்டு வந்து எழுதியிருக்கிறார், படித்தீர்களா? அம்மாவுக்கு ரொம்பப் பிடித்ததாம். தளத்தில் தினமும் ஒன்பது சுற்று நடை, மத்தியானம் பியானோ, யாரும் சமைக்கச் சொல்லாத ஏழு நாள். அப்பாவுக்குப் போரடித்துவிட்டதாம். "கோ-கார்ட் இருக்கிற கப்பல் ஒன்று இருக்கிறது என்று சொன்னீர்களே, அது என்ன விலை?" என்று மூன்றாம் நாளே கேட்டிருக்கிறார்.

மார்ச்சிலிருந்து இத்தனை எழுதியிருக்கிறேன். அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

தம்பியிடம் சொல்லிவிடுங்கள், பாதி சரி என்றேன், முக்கால் சரி என்று திருத்திக்கொள்கிறேன்.

9 செப்டம்பர் 2024, இரவு

ஃபில்டர் விஷயம் இப்போதுதான் கண்ணில் பட்டது. அவர் அப்பா கொண்டுபோனது பித்தளை ஃபில்டராம். ஸ்கேனரில் கனமான உருளை, உள்ளே ஓட்டைத் தட்டு, பக்கத்தில் பழுப்புப் பொடிப் பொட்டலம். காவலர் நான்கு பேர் சுற்றி நின்றுகொண்டு இது என்ன என்று கேட்க, பெரியவர் பாகம் பாகமாகப் பிரித்து, பொடியை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது வரைக்கும் விளக்கியிருக்கிறார். பின்னால் வரிசை நின்றுவிட்டதாம். பயணத்திலேயே அப்பா சந்தோஷமாக இருந்தது அந்தப் பத்து நிமிடம்தான் என்று எழுதியிருக்கிறார்.

ஐயா, அப்பாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: அந்த ஓட்டைகளில் அடைத்த பொடியை அவர் எப்படி எடுக்கிறார்?